பிக்கப் வண்டிக்கு பிரேக் வேலை: எந்தக் கருவி வேண்டும், எது வேண்டாம்

பிக்கப்புக்கு நாமே பிரேக் பேடு மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றிய அன்றே நூற்றுக்கணக்கான உருப்படிகள் அடங்கிய டூல் பெட்டி ஒன்றை வாங்கிவிடுபவர்கள் நிறைய. சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் அந்தப் பெட்டியில் தேவையான ஒரே ஒரு சாக்கெட் மட்டும் இல்லை என்று தெரியவரும். அப்போது வண்டி ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கும், கடைக்குப் போக வேறு வண்டி இருக்காது. அதனால் புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: முதலில் வண்டியைப் பாருங்கள், அப்புறம் கருவி வாங்குங்கள். பணத்தை எங்கே கொட்டலாம், எங்கே சிக்கனம் பிடிக்கலாம் என்பதும் அப்போதுதான் புரியும். வண்டியின் எடையைத் தாங்குகிற சாமானிலும் நட்டைச் சரியான அளவுக்கு இறுக்குகிற சாமானிலும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. மற்றதையெல்லாம் இரவல் வாங்கியும் சமாளிக்கலாம்.

முதலில் வண்டி என்ன சொல்கிறது

வேலைக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒரு டார்ச்சோடு சக்கரத்துக்குள் எட்டிப் பாருங்கள். முன்னால் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, இருக்கும். பின்னால் டிஸ்க்கா, இல்லை உள்ளே ஷூக்கள் விரிந்து பிடிக்கும் கிண்ணம் போன்ற டிரம்மா என்பதுதான் முதல் கேள்வி. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் மாதிரியான வண்டிகளில் பல மாடல்களுக்குப் பின்னால் டிரம்தான், அமெரிக்கச் சந்தையின் பெரிய பிக்கப்புகளில் இப்போது பெரும்பாலும் நான்கு பக்கமும் டிஸ்க். டிரம் என்றால் கருவிப் பட்டியலே வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, முன் காலிபர், அதாவது பேடுகளை டிஸ்க்கின் மேல் அமுக்கும் பிடி, எந்த வகை என்று பாருங்கள். 'பின்' எனப்படும் இரண்டு இரும்புத் தண்டுகளின் மேல் உள்ளும் வெளியுமாக நகர்கிற வகைதான் அதிகம். இதில் உள்பக்கம் மட்டும் ஒன்றோ இரண்டோ பிஸ்டன் இருக்கும், பிக்கப்பில் பெரும்பாலும் இரண்டு. டொயோட்டா டகோமா போன்ற சிலவற்றில் முன்னால் நகராத காலிபர், டிஸ்கின் இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு பிஸ்டன். இந்த இரண்டாவது வகையில் பேடு மாற்றக் காலிபரைக் கழற்றவே வேண்டாம், குறுக்கே ஓடும் இரண்டு ஊசிகளை உருவினால் பேடு வெளியே வந்துவிடும், அதற்கு ஊசியைத் தட்டி வெளியேற்ற ஒரு மெல்லிய பஞ்ச் கம்பியும் சின்னச் சுத்தியலும் குறடும் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் காலிபர் போல்ட்டோடு அரைநாள் மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கேள்வி ஹேண்ட் பிரேக். பின்னால் டிஸ்க் உள்ள புது வண்டியில் ஹேண்ட் பிரேக் வெறும் பட்டன்தானா? அப்படியென்றால் பெரும்பாலும் பின் காலிபரிலேயே ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும். அதை சர்வீஸ் நிலைக்கு, அதாவது மோட்டார் பின்வாங்கி நிற்கும் நிலைக்கு, கொண்டுபோகாமல் பிஸ்டனை அமுக்கினால் உள்ளே இருக்கிற பொறிமுறை உடையும். அந்த நிலைக்குப் போக சில வண்டிகளில் வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேன் டூல் வேண்டும், சிலவற்றில் பெடலையும் பட்டனையும் ஒரு வரிசைப்படி அழுத்தினாலே போதும். எது என்று அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல்தான் சொல்லும்.

அந்த மேனுவலைப் பற்றி ஒரு வார்த்தை. கருவிகளிலேயே முதல் கருவி அதுதான். எந்த போல்ட்டுக்கு எத்தனை எம்.எம். ஸ்பேனர், எவ்வளவு முறுக்கு, எது மறுபடி பயன்படுத்தக்கூடாத போல்ட் என்று எல்லாம் அதில் இருக்கும். நான்கைந்து எண்களை ஒரு தாளில் எழுதிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும், எண்ணெய்க் கையோடு போனைத் தடவ வேண்டியதில்லை.

தூக்குவது ஒன்று, தாங்குவது வேறு

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். பிரேக் வேலையில் தப்பு செய்தால் பெரும்பாலும் திரும்பச் சரிசெய்துவிடலாம், வண்டி மேலே விழுந்தால் அப்படியில்லை.

இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்று சுமார் 2 டன் எடை இருக்கும், பெரியவை இன்னும் அதிகம். ஒரு முனையை மட்டும் தூக்குவதால் அதில் பாதியைத்தான் ஜாக்கி சுமக்கிறது, ஆகவே 2 டன் ட்ராலி ஜாக்கி போதும் என்று கணக்குப் போடத் தோன்றும். எடைக்குப் போதும், உயரத்துக்குத்தான் போதாது. பிக்கப்பின் சட்டம் (சேசிஸ்) தரையிலிருந்து எட்டத்தில் இருக்கும். காருக்கென்று செய்த தாழ்வான ஜாக்கி முழுதாக உயர்ந்த பிறகும் சக்கரம் தரையை உரசிக்கொண்டே நிற்கும். அப்போதுதான் செங்கல்லையும் பலகையையும் அடுக்கி அதன்மேல் ஜாக்கியை ஏற்றுகிற வேலை நடக்கும். அதைச் செய்யாதீர்கள், செங்கல் விரிசல் விடும்போது முன்னறிவிப்பு தராது. 3 டன் ட்ராலி ஜாக்கி வாங்குங்கள், வாங்கும்போது டன்னை மட்டும் பார்க்காமல் அது எட்டும் அதிகபட்ச உயரத்தையும் பாருங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் ஜாக்கி வைக்கும் இடம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள், சக்கரம் தொங்கி இறங்குகிற அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஆக்சிலுக்கு அடியிலேயே ஜாக்கி கொடுத்தால் இந்த உயரப் பிரச்சினை குறையும். வண்டியோடு வருகிற ஜாக்கி பஞ்சரான டயரை மாற்றத்தான், அதை நம்பி வேலைக்கு உட்காரக்கூடாது.

ஜாக்கி தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. தாங்குவது ஜாக் ஸ்டாண்ட். ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் ஒரு சின்ன ரப்பர் சீல் தேய்ந்தால் வண்டி மெல்லவோ சட்டென்றோ இறங்கிவிடும். ஸ்டாண்ட் வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் டன் அளவு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா? பல நேரம் ஜோடிக்குத்தான். அப்புறம் பூட்டும் முறை. பல்லில் மாட்டி நிற்கிற வகையில் அந்தக் கொக்கி சரியாக உட்காராமல் போகலாம், அமெரிக்காவில் 2020-ல் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகள் பத்து லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டது இந்தக் கோளாறுக்காகத்தான். பல்லோடு சேர்த்துக் குறுக்கே ஒரு இரும்பு ஊசியும் போட்டுப் பூட்டுகிற வகையாக வாங்குங்கள். பிக்கப்புக்கு நான் 6 டன் ஸ்டாண்டைத்தான் சொல்வேன். 3 டன் ஸ்டாண்ட் வண்டியைத் தாங்காது என்பதால் அல்ல, 6 டன் ஸ்டாண்டின் அடி அகலமாகவும் உயரம் கூடுதலாகவும் இருக்கும் என்பதால்.

தரை கெட்டியான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். வெயிலில் இளகிய தார்த் தரை என்றால் ஸ்டாண்டின் கால்கள் அதில் புதையும், கனமான பிளைவுட் பலகையை அடியில் கொடுங்கள். மண் தரையில் வேண்டவே வேண்டாம்.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பதைப் பலர் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். ஏன் என்று புரிந்தால் அப்படி நினைக்கமாட்டீர்கள். பெரும்பாலான பிக்கப்புகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் தரையில் இருக்கும் முன்சக்கரங்களை எதுவும் பிடிப்பதில்லை. கியரில் போட்டு நிறுத்தினாலும், ஒரு பின்சக்கரம் மட்டும் அந்தரத்தில் இருந்தால் டிஃபரென்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் தாராளமாகச் சுற்றும், வண்டி நகரும். டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை வேறு விட்டாக வேண்டும். ஆகவே தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ரப்பர் கட்டை. இரண்டு ஜோடி வாங்கிவிடுங்கள்.

ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியின் பக்கவாட்டில் கை வைத்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் இப்போதே, நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். ஜாக்கியை முழுதாக எடுத்துவிடாமல் லேசாகத் தொட்டபடி அங்கேயே விட்டுவைப்பேன். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் படுக்கப்போடுவதும் உண்டு. இந்த இரண்டும் எனக்குப் பழகிப்போன காரியம், உங்களுக்கும் பழகட்டும்.

சக்கர நட்டைக் கழற்ற

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை அரைச்சுற்று இளக்கிவிட வேண்டும், தூக்கிய பிறகு இளக்கப் போனால் வண்டி ஆடும்.

பிக்கப்பில் இந்த நட்டுகள் பெரும்பாலும் 19, 21 அல்லது 22 எம்.எம். இதற்கு அரை அங்குல டிரைவ் கொண்ட, ஆறு முகம் உள்ள ஆழமான சாக்கெட் வேண்டும். ஆறு முகம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு முகச் சாக்கெட் நட்டின் மூலைகளை மட்டும் பிடிக்கும், இறுகிப்போன நட்டில் அந்த மூலைகள் மழுங்கி நட்டே உருண்டையாகிவிடும். ஆறு முகம் நட்டின் பக்கங்களை அணைத்துப் பிடிக்கும். பிரேக் வேலைக்கு வாங்குகிற எல்லாச் சாக்கெட்டும் ஆறு முகமாகவே இருக்கட்டும்.

கூடவே 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பிரேக்கர் பார் ஒன்று. ராட்செட்டில் பைப்பை மாட்டித் திருகினால் ராட்செட்டின் உள்பல்தான் போகும். கணக்கைப் பாருங்கள்: 70 கிலோ எடையுள்ள ஒருவர் 25 சென்டிமீட்டர் ராட்செட்டின் முனையில் முழு எடையையும் போட்டால் கிடைப்பது சுமார் 170 நியூட்டன் மீட்டர் முறுக்கு. அதே ஆள் 60 சென்டிமீட்டர் கம்பியில் சாய்ந்தால் 410. துருப்பிடித்த நட்டு இரண்டாவதற்குத்தான் மசியும். பேட்டரி இம்பேக்ட் கன் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அதற்கு மினுமினுக்கும் குரோம் சாக்கெட் கூடாது, கறுப்பு நிற இம்பேக்ட் சாக்கெட்தான் வேண்டும். குரோம் சாக்கெட் அந்த அதிர்வில் தெறித்து உடையும். இன்னொன்று, இம்பேக்ட் கன் கழற்ற மட்டும்தான். அதைக் கொண்டு இறுக்காதீர்கள்.

காலிபரும் அதன் போல்ட்டுகளும்

நகரும் காலிபரில் இரண்டு ஜோடி போல்ட் உண்டு. காலிபரைப் பின்னோடு பிடிக்கிற சின்ன ஜோடி, காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டை அச்சோடு பிடிக்கிற பெரிய ஜோடி. பேடு மட்டும் மாற்றுவதென்றால் சின்ன ஜோடி போதும். டிஸ்க்கையும் மாற்றப் போகிறீர்கள் என்றால்தான் பெரியதைத் தொட வேண்டும்.

சின்னது பொதுவாக 12 முதல் 17 எம்.எம்.முக்குள் இருக்கும், சில வண்டிகளில் தலைக்குள் ஆலன் கீயோ நட்சத்திர வடிவமோ இருக்கும். இதற்கு 3/8 அங்குல டிரைவ் ராட்செட் வசதி. போல்ட்டைத் திருப்பும்போது பின்னும் சேர்ந்தே சுற்றினால் அந்தப் பின்னின் தட்டையான பகுதியைப் பிடிக்க ஒரு மெல்லிய ஓப்பன் ஸ்பேனர் வேண்டும். சாதாரண ஸ்பேனர் தடிமனாக இருந்து ரப்பர் உறையைக் கிழித்துவிடும், மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பெரியது 17 முதல் 22 எம்.எம். வரை, தொழிற்சாலையில் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். மேலே சொன்ன அதே பிரேக்கர் பார்தான் இதற்கும். படுத்துக்கொண்டு முகத்தை நோக்கி இழுக்காதீர்கள், சட்டென்று இளகினால் கம்பி பல்லில் வந்து நிற்கும். காலால் அமுக்கும்படியோ உடம்புக்கு வெளியே தள்ளும்படியோ கம்பியைத் திருப்பிவைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய காலிபர் கனமாக இருக்கும். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸின் உள்ளடுக்கு கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு மாதம் கழித்துதான் வினை வரும். கொக்கி என்று தனியாக வாங்க வேண்டாம், கெட்டியான கம்பியை எஸ் வடிவில் வளைத்து ஸ்பிரிங்கில் மாட்டினால் போதும். ஏபிஎஸ் சென்சார் ஒயரும் அங்கேதான் ஓடும், அது இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னை உருவி விரலால் தடவிப் பாருங்கள். நல்ல பின் பளபளப்பாக, வழுவழுவென்று இருக்கும், உறைக்குள் விட்டால் விரலின் அழுத்தத்துக்கே உள்ளே போய் காற்றழுத்தத்தில் லேசாகத் திரும்பி வரும். பழைய கிரீஸ் கறுத்துப் பிசினாகி, ஒரு பின் சுற்றவும் மாட்டேன் நகரவும் மாட்டேன் என்றால், உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் வேறு வேறு தடிமனில் தேய்ந்திருப்பதற்கு அதுவே காரணம். புதுப் பேடு போட்டு அந்தப் பின்னை அப்படியே விட்டால் அதுவும் ஒருபக்கமாகத்தான் தேயும். துடைத்துவிட்டு, பிரேக்குக்கென்றே வருகிற சிலிக்கோன் அல்லது செயற்கை கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் பின் மறுபடியும் சிக்கும்.

பிஸ்டனை உள்ளே தள்ள

6 அல்லது 8 அங்குல சி கிளாம்ப் ஒன்றே பெரும்பாலும் போதும். பழைய உள்பேடைப் பிஸ்டன்மேல் வைத்து, அதன் மேல் கிளாம்ப்பைக் கொடுத்து, மெதுவாக, மிக மெதுவாகத் திருகுங்கள். நன்றாக இருக்கிற பிஸ்டன் கனமான சிரிஞ்சை அமுக்குவது போல ஒரே சீராகப் போகும். நடுவில் முட்டி நின்றாலோ வெடுக்கென்று குதித்தாலோ உள்ளே துரு இருக்கிறது, காலிபரே மாற்ற வேண்டியிருக்கலாம்.

இரட்டைப் பிஸ்டனில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒன்றை அமுக்கினால் மற்றது வெளியே வரும், அதை அமுக்கினால் இது வரும். இரண்டையும் சேர்த்து அமுக்கும்படி பழைய பேடு இரண்டின் மேலும் படிய வேண்டும். இரண்டு தகடு விரிந்து தள்ளுகிற ஸ்பிரெடர் கருவி இதற்கு இன்னும் சௌகரியம், அடிக்கடி செய்கிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம், ஒருமுறைக்கு சி கிளாம்ப் போதும்.

தள்ளுவதற்கு முன் மேலே பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். இங்கே தள்ளுகிற ஆயில் அங்கே ஏறும், நிரம்பி வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். ஒரு பெரிய ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பின்பக்கம் டிஸ்க் இருந்து, ஹேண்ட் பிரேக் கேபிள் நேராகக் காலிபருக்கே வந்தால், அந்தப் பிஸ்டனை அமுக்கக்கூடாது, திருக வேண்டும். பிஸ்டன் முகத்தில் இரண்டு அல்லது நான்கு வெட்டு இருந்தால் அதுதான் அடையாளம். இதற்கு விண்ட்-பேக் கிட் என்று தனிக் கருவி, இடப்புரி வலப்புரி இரண்டும் உள்ளதாகப் பாருங்கள். சி கிளாம்ப்பால் வம்பாக அமுக்கிக் காலிபரை உடைத்தவர்கள் எண்ணற்றவர்கள்.

டிஸ்க்

டிஸ்க்கின் விளிம்பிலோ நடுவட்டத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். சாதாரண வெர்னியர் தப்பாகக் காட்டும், ஏனென்றால் டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத ஒரு வரம்பு நிற்கும், வெர்னியரின் தாடை அந்த வரம்பில் உட்கார்ந்து கூடுதல் தடிமன் சொல்லும். கீழே தேய்ந்த இடம் பொறித்த அளவைவிடக் குறைந்திருந்தால் கடைசல் பிடிக்கக்கூட இடமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்போடு ஒட்டிப்போன டிஸ்க்கில் இரண்டு மரைத்துளை இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் எம் 8 போல்ட்டு இரண்டை அதில் போட்டு மாறி மாறித் திருகினால் டிஸ்க் தானாகப் பிதுங்கி வரும். துளை இல்லையென்றால் துருநீக்கி எண்ணெயும் இரண்டு கிலோ சுத்தியலும். சின்ன ஸ்குரூவால் டிஸ்க்கைப் பிடித்திருந்தால், சுத்தியலால் அடித்துத் திருப்புகிற கை இம்பேக்ட் டிரைவர் வாங்குங்கள், சாதாரண ஸ்குரூ டிரைவர் அந்தத் தலையைத் தின்றுவிடும். பழைய பிக்கப் சிலவற்றில் டிஸ்க்கும் ஹப்பும் ஒன்றாகவே இருக்கும், கழற்றினால் வீல் பேரிங்குக்கும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும், அது தனி வேலை.

கம்பி பிரஷ்ஷை மறக்காதீர்கள். ஹப்பின் முகத்தில் ஒரு செதில் துரு மிச்சமிருந்தாலும் புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, பெடலில் நடுக்கம் வரும், டிஸ்க் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கத் தோன்றும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரால் கழுவிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

பின்னால் டிரம் என்றால்

இங்கே சாமர்த்தியத்தைவிடச் சரியான கருவி முக்கியம். மூன்று சாமான் வேண்டும்: ஸ்பிரிங்கை மாட்டிக் கழற்றும் பிரேக் ஸ்பிரிங் குறடு, ஷூவைத் தட்டோடு பிடிக்கும் கிண்ண வாஷரை அமுக்கித் தொண்ணூறு டிகிரி திருப்பும் சின்னக் கருவி, பின்தட்டின் துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைச் சுற்றும் வளைந்த அட்ஜஸ்டர் கரண்டி. மூன்றும் பெரிய விலை இல்லை, ஆனால் கட்டிங் பிளேயரால் ஸ்பிரிங்கை இழுக்கிறவன் விரல் நகமெல்லாம் பெயர்த்துக்கொள்வான், ஸ்பிரிங் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடி போடாமல் டிரம்மைத் தொடாதீர்கள்.

ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம். இரண்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டால் எந்த ஸ்பிரிங் எந்தத் துளை என்று பார்த்துக்கொள்ள மாதிரி இருக்காது. கழற்றுமுன் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேலும் மறுபக்கம் அப்படியே நிற்பது பெரிய தைரியம்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், கம்ப்ரசர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பிரேக் கிளீனரால் நனைத்து, அடியில் ஒரு தட்டு வைத்து வழியவிடுங்கள். முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயிலும் காற்று எடுப்பதும்

பேடு மட்டும் மாற்றினால் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் இந்த 'காற்று எடுக்கும்' வேலை தேவையில்லை, குழாயைத் திறக்கவே இல்லையே. ஹோஸ், காலிபர், வீல் சிலிண்டர் இதில் ஏதாவது மாற்றினால்தான் இந்தப் பகுதி. ஆயில் பழசாகியிருந்தாலும் மாற்றலாம், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய பின் 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. சுமையேற்றி மலையிறங்கும் பிக்கப்பில் அந்த வித்தியாசம் பெடலில் தெரியும், கொதித்த ஆயில் ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மூடியில் எந்த டாட் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள், சீல் உடைக்காத புது டப்பாவாக. டாட் 5 என்பது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்கக்கூடாது. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் டாட் 5.1 வேறு.

காற்று வெளியேறத் திறந்து மூடும் சின்னத் திருகுதான் நிப்பிள், அதில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ஒருமுறை துருப்பிடித்த 10 எம்.எம். நிப்பிளைப் பன்னிரண்டு முக ரிங் ஸ்பேனரால் திருப்பினேன், அவசரம். ஒரு சின்ன வழுக்கல், கையில் மெத்தென்று ஓர் உணர்வு, அவ்வளவுதான், ஆறு மூலையும் போய்விட்டது. பிறகு வைஸ் கிரிப்பால் பிடித்ததில் நிப்பிள் உள்ளேயே முறிந்தது, நல்ல காலிபரைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு முந்தின நாளே துருநீக்கி அடித்து ஊறவிடுவேன், மறுநாள் ஆறு முக சாக்கெட்டைத்தான் முதலில் போடுவேன், இளகிய பிறகே ஸ்பேனர். 8, 10, 11 எம்.எம். மூன்றும் கையில் இருக்கட்டும்.

பிரேக் குழாயின் நட்டுக்கு ஓப்பன் ஸ்பேனர் போடாதீர்கள். லைன் ஸ்பேனர் என்று கிடைக்கும், ரிங் ஸ்பேனரில் குழாய் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு விட்டது போல இருக்கும், நட்டின் ஐந்து முகத்தைச் சுற்றிப் பிடிக்கும்.

காற்று எடுக்க மிக எளிய வழி ஒளி ஊடுருவும் ரப்பர் குழாய் ஒன்று, கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டில் ஒன்று, பெடல் மிதிக்க ஓர் ஆள். அவர் மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து மூட, அதற்குப் பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். பேச்சை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், "மிதி", "விடு" என்ற இரண்டு சொல் போதும். ஆள் இல்லாதவர்களுக்குக் கைப்பம்ப் வைத்து உறிஞ்சும் கருவி உண்டு, ஆனால் அது நிப்பிளின் மரை வழியாகவும் காற்றை இழுக்கும், குமிழி நிற்கவே இல்லையே என்று குழம்புவீர்கள். தனியாகச் செய்கிறவர்களுக்கு, மேல் டப்பாவில் மாட்டி அழுத்தம் கொடுக்கும் கருவியே என் தேர்வு. எந்த முறையானாலும் டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது, வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிக்கப்புக்கே உரிய ஒன்று: பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி சட்டத்தில் இருக்கிற ஒரு வால்வுக்குப் போனால், அது சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. ஆக்சிலைத் தொங்கவிட்டு வேலை செய்தால் வண்டி காலியாக இருக்கிறது என்று அது நினைத்துப் பின்பக்கம் வரும் ஆயிலைக் குறைக்கும். அதனால் பின்பக்கம் காற்று எடுக்கும்போது ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள். சில வண்டிகளில் அந்த வால்வுக்கும் தனி நிப்பிள் இருக்கும்.

டார்க் ரெஞ்ச்

நட்டைக் குறித்த முறுக்குக்கு இறுக்கும் இந்தக் கருவி வேண்டாம், கைக்கணக்கு போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், வருஷக்கணக்கில் தினமும் செய்தவர் கைக்கு அது பொருந்தலாம். புதியவர் கைக்குப் பொருந்தாது. எண்களைப் பாருங்கள்: காற்று எடுக்கும் நிப்பிளுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டி, காலிபரின் சின்ன ஜோடி போல்ட் வண்டிக்கு வண்டி 30-லிருந்து 100 வரை, பிராக்கெட் போல்ட் 100-லிருந்து 250 வரை, சக்கர நட்டு 100-லிருந்து சுமார் 200 வரை. புது ஃபோர்டு எஃப்-150-க்கு சக்கர நட்டு 204. ஒரே கையால் இந்த 10-ஐயும் 204-ஐயும் உணர்ந்து இறுக்குவது நடக்கிற காரியம் இல்லை.

ஆகவே இரண்டு வாங்க வேண்டியிருக்கும். 3/8 டிரைவில் சின்னது, அரை அங்குல டிரைவில் பெரியது, பெரியதன் உச்ச அளவு உங்கள் வண்டியின் மிகப் பெரிய போல்ட்டுக்கு மேலே இருக்க வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் பெரியதை வாங்குங்கள், சின்னதை இரவல் கேளுங்கள். கிளிக் என்று சத்தம் கொடுக்கும் வகை போதும். அந்தக் கிளிக் காதில் விழுவதைவிடக் கையில் தெரியும், பிடி ஒரு நூலளவு நழுவுவது போல. அங்கே நிறுத்திவிடுங்கள், உறுதிக்காக இன்னொரு தடவை இழுக்காதீர்கள். மேனுவலில் எண் எந்த அலகில் என்று பார்ப்பதும் முக்கியம். பவுண்டு அடியில் 100 என்றால் நியூட்டன் மீட்டரில் 136. மாற்றிப் படித்தால் ஒன்று நட்டு லூசு, இல்லை போல்ட் நீட்சி.

மரையில் எண்ணெய் தடவாதீர்கள், மேனுவலின் எண் பெரும்பாலும் காய்ந்த மரைக்கானது. எண்ணெய் போட்டால் அதே எண்ணில் போல்ட் கூடுதலாக இழுபடும். கழற்றுவதற்கு டார்க் ரெஞ்ச்சைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அதன் அளவை மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வைத்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளராமல் இருக்கும்.

மாட்டி முடித்ததும்

எல்லா நட்டையும் முதலில் விரலால் மரை பிடிக்கவிட்டு, சக்கரத்தைத் தரையில் லேசாகப் பதியவைத்து, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை மிதித்துக்கொண்டே இருங்கள், முதல் சில மிதி தரை வரை போகும், பிஸ்டன் பேடைத் தொட்ட பிறகு கெட்டியாகும். இதைச் செய்யாமல் ரிவர்ஸ் எடுத்து சுவரில் இடித்த கதைகள் உண்மை. கெட்டியாகவே இல்லை, பஞ்சு போல இருக்கிறது என்றால் சாலைக்கு எடுக்காதீர்கள், உள்ளே காற்று இருக்கிறது. ஆயில் மட்டத்தை ஒருமுறை பார்த்து மூடியைப் போடுங்கள்.

புதுப் பேடு பழக, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பதைப் பத்துத் தடவை செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள், சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்தி மிதித்துப் பிடிக்காதீர்கள். பேடு பெட்டியில் வேறு முறை போட்டிருந்தால் அதன்படி. முதலில் கொஞ்சம் வாடை வரும், அது சகஜம். திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட அனலாக அடித்தால் அங்கே பின்னோ பிஸ்டனோ சிக்கியிருக்கிறது, மறுபடி கழற்றுங்கள். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சக்கரம் ஆறிய நிலையில், டார்க் ரெஞ்ச்சை எடுத்து எல்லா நட்டையும் அதே எண்ணில் இன்னொருமுறை சோதியுங்கள். ஒன்றிரண்டு லேசாக நகரலாம். நிப்பிள்களையும் ஹோஸ் முனைகளையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் ஒட்டுகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.